மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டு வாங்க

ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) என்பது மருந்துகளைப் பற்றிய ஆறு வருடப் படிப்பு. இந்தியாவில் 2008-ல் தொடங்கியது. ஆறாவது வருடம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சிதான்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், அப்புறம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். காரைக்குடியில் நான் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக, அதாவது வார்டில் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்ப்பவராக, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் இப்படிச் சில பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் இருக்கும். எந்த மருந்தோடு எது சேராது என்பதெல்லாம் மனப்பாடம். கேஸ் ஷீட்டைப் புரட்டக் கை பரபரக்கும்.

கேஸ் ஷீட்டை நான் கொடுப்பதில்லை. "கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கும், அதை முதலில் பார்த்துட்டு வா" என்பேன். டாக்டர் என்ன எழுதினார் என்று கேஸ் ஷீட் சொல்லும். கட்டிலில் இருக்கும் நோயாளி நிஜமாக எதை விழுங்குகிறார் என்பது பையைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் அப்படியே ஒத்துப்போய் நான் பார்த்தது குறைவு.

செட்டிநாட்டில் இந்தப் பைக்குத் தனிக் குணம் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள்; இங்கே பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். மகன் வரும்போதெல்லாம் மூட்டுவலிக்கென்று பனடால் அட்டைகளாக வாங்கி வந்துவிடுவார். இங்கே டாக்டர் டோலோ 650 எழுதியிருப்பார். பெயர் வேறு, அட்டை வேறு, உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமால். பனடால் 500 இரண்டிரண்டாக மூன்று வேளை, டோலோ நாலு வேளை என்றால் ஒரு நாளைக்கு 5,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல் போகக் கூடாது; ஒல்லியான, வயதான உடம்புக்கு அதுவும் அதிகம். கெட்டுப்போவது கல்லீரல். ஆச்சி மேல் தப்பே இல்லை. இரண்டு இடத்தில் சொன்னதையும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து, கேட்கும் விதம். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதனால் பிள்ளைகளை நாளின் வரிசையில் கேட்கச் சொல்வேன். காலையில் எழுந்ததும் முதலில் என்ன? காபிக்கு முன்னாலா, பின்னாலா? தைராய்டு மாத்திரையைக் காபியோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் இந்தக் கேள்வியில்தான் அகப்படுவார்கள். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரை என்றால் நாலு மணி நேர இடைவெளி.

கண் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் பிரஷருக்கு ஊற்றும் டிமோலால் சொட்டு, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்டால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பார்கள். இருமலுக்கு நாள்கணக்கில் அதிமதுரம் சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறும். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது செட்டு மாத்திரையைப் பார்த்தால்தான். "மேல் வலிக்கு ரெண்டு செட்டு" என்று கேட்க, நாலைந்து மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. சில செட்டில் ஸ்டீராய்டும் இருக்கும்; அது சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை ஏன் திடீரென்று ஏறியது என்று வார்டில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். கடையில் பில் கேட்டு வாங்குங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் இருக்கட்டும்.

பையில் மெத்தோட்ரெக்சேட் இருந்தால் உடனே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் மட்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுபவர் என்றால் சிரிஞ்சையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும்.

இத்தனையும் பார்த்த பிறகு பயிற்சிக்கு வந்த பிள்ளை ஆச்சியிடம் "இதை நிறுத்துங்க" என்று சொல்லக் கூடாது. எழுதி எடுத்துக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் போக வேண்டும். சில டாக்டர்கள் காதில் வாங்குவார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாத்திரை, சொட்டு, ஊசி, இன்ஹேலர், லேகியம் எல்லாவற்றையும் அட்டையும் பாட்டிலுமாக ஒரே பையில் போட்டு, அவசரத்தில் கிளம்பினாலும் கையோடு எடுத்து வாருங்கள். முடியாவிட்டால் போனில் படம் எடுத்து வந்தாலும் சரி. வீட்டுக்கு அனுப்பும்போது புது மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பழையதில் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அதை அன்றைக்கே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு தடிப்பு, வீக்கம் என்று ஏதாவது வந்தால் டாக்டரைப் பாருங்கள். அதோடு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது, பொதுமக்களும் கூப்பிடலாம்.