தாத்தாவின் கடிதத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்

இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்கள் வந்தாலே எங்கள் வேலைமேசை நிரம்பிவிடும். வெளியே குளிர் ஏறியதும் விழாக்கள் எல்லாம் அரங்குக்குள் வந்துவிடுகின்றன. சமூக மன்றம், நூலகம், சின்ன அருங்காட்சியகம் என்று திரும்பிய பக்கமெல்லாம் குடும்பங்களின் பழைய கடிதம், புகைப்படம், சான்றிதழ் எல்லாம் வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். அலமாரிக்குள் கிடந்ததை நாலு பேர் நின்று படிப்பதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் அந்தக் கடிதம் கண்காட்சிக்குப் போகும் வழியில் லேமினேஷன் இயந்திரத்துக்குள் ஒருமுறை நுழைந்து வருகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது.

பழைய காகிதத்தையும் புகைப்படத்தையும் பழுதுபார்ப்பது என் தொழில். கடைசியாக வந்தது ஒற்றைத் தாள் கடிதம், பேனா மையில் எழுதியது. பலர் கை படுமே, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்திருக்கிறார்கள். மேல் வலது மூலை உள்பக்கமாக மடிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. மடிந்தபடியே சூடான உருளைக்குள் போயிருக்கிறது. தேதி எழுதிய இடம் அந்த மடிப்புக்கு அடியில். நாள் தெரிகிறது, மாதம் பாதி தெரிகிறது, ஆண்டு இல்லை. மடிப்போரம் நெடுக வெள்ளிக் கோடுபோலக் காற்றுக் குமிழிகள். “இதை மட்டும் கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள்” என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள்.

பிரிக்கிற விஷயமா அது? லேமினேஷன் என்றால் பிளாஸ்டிக் உறை போடுவது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்கப் பசை. 100 டிகிரிக்கு மேலான சூட்டில் அது உருகி, காகிதத்தின் நாருக்குள் இறங்கி உறைகிறது. சட்டையைத் தோலோடு சேர்த்துத் தைத்த மாதிரி. பசையைக் கரைக்க வேண்டுமென்றால் கரைப்பான் வேண்டும். அந்தக் கரைப்பானில் மையும் சேர்ந்து கரையலாம். ஒவ்வொரு மையையும் சோதித்து அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். அத்தனை பாடுபட்டும் முழுசாகக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

“உள்ளே காற்றே போகாதே, அப்புறம் எப்படிக் கெடும்?” இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கெடுக்கும் சாமான் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை ஐயா, உள்ளேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த காகிதங்களில் பெரும்பாலானவை மரக்கூழில் செய்தவை, அமிலத்தன்மை உள்ளவை. மூடி ஒட்டியதும் அமிலம் வேலைநிறுத்தம் செய்துவிடாது. உள்ளே இருந்தபடியே தாளை மஞ்சளாக்கும், நொறுங்க வைக்கும்.

அடுத்த வாதம்: “அருங்காட்சியகத்திலேயே பிளாஸ்டிக்குக்குள்தானே வைத்திருக்கிறார்கள்?” அது வேறு. இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே ஆவணத்தை வைத்து, ஓரங்களை மட்டும் ஒட்டியிருப்பார்கள். ஆவணத்தின் மேல் ஒரு சொட்டுப் பசை கிடையாது. ஓரத்தை வெட்டினால் கடிதம் வைத்தபடியே வெளியே வரும். தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம்.

ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் லேமினேட் செய்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வில்லியம் பேரோ என்பவர் 1930களில் செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்தும் முறையைப் பரப்பினார். பல காப்பகங்கள் நம்பிச் செய்தன. பிற்பாடு அந்தப் படலமே சிதையத் தொடங்கியது. சிதையும்போது வினிகர் வாடை வரும். அப்படி ஒட்டியதை உரித்தெடுப்பதே எங்கள் துறையில் தனி வேலையாகிவிட்டது.

செல்லோடேப்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். காகிதம், துணி, வண்ணப் புகைப்படம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் அளவு சுமார் 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). மங்கலாக இருக்கிறதே என்று பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள், காரணம் இதுதான். ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சம் எளிதாக 1,000 லக்ஸைத் தாண்டும். 50 லக்ஸில் 20 நாள் வாங்கும் அடியை அங்கே ஒரே நாளில் வாங்கிவிடும். பிறகு இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறோமே என்பார்கள். போடுங்கள், நல்லது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்கும். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதி 1841 முதல் 1876 வரை ஒரு ஜன்னலுக்கு எதிரே மாட்டப்பட்டிருந்தது. இன்று அதில் எழுத்தைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

இந்தப் பருவத்துக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு, ஹீட்டர். வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 34 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பழைய புகைப்படம் சுருள்வது இதனால்தான். மாலையில் நனைந்த கோட்டும் குடையுமாகக் கூட்டம் நுழைந்ததும் திடீரென்று ஏறும். இரவில் ஹீட்டரை அணைத்தால் மறுபடி மாறும். ஒரே வாரத்தில் இத்தனை ஏற்ற இறக்கத்தைப் பழைய காகிதம் தாங்காது. ஹீட்டருக்கு மேலேயும் குளிர்ந்த வெளிச்சுவரிலும் எதையும் மாட்டாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? அசலைக் கொடுக்காதீர்கள். நன்றாக ஸ்கேன் செய்து, அதே அளவில் அச்சிட்டு நகலைக் கொடுங்கள். ஸ்கேனர் வெளிச்சம் ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். நகலை லேமினேட் செய்யுங்கள், ஆணியடியுங்கள், எனக்குக் கவலையில்லை. கண்காட்சியில் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது.

அமைப்பாளர் அசல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நீங்களும் அடம்பிடியுங்கள். எந்தச் சுவர், எந்த விளக்கு, பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம், எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். புகைப்படம் என்றால் ஃப்ரேம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரம் பட்டால் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுப்பது பெரும்பாடு. நடுவில் ஒரு கனமான அட்டைச் சட்டம் போதும். சினிமாவில் வருகிற மாதிரி வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கடிதத்தைத் தொட வேண்டாம். அதில் விரலுக்கு உணர்வு இருக்காது, ஓரம் மாட்டிக் கிழியும். கழுவித் துடைத்த வெறுங்கை போதும்.

குளிரில் காரில் கொண்டுவந்த பெட்டியை அரங்குக்குள் வந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர் முத்துக்கட்டும். மூடியபடியே சில மணிநேரம் விடுங்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்களே, உங்களைத் திட்டப்போவதில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். நகத்தால் ஓரத்தைக் கிளறாதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்து, மடிக்காமல் இருட்டான, வறண்ட இடத்தில் வையுங்கள். பிரித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் மையைச் சோதித்துப் பார்ப்பாரா என்று கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்லை” என்றால் கடிதத்தைக் கையில் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.