வாசெயில்: நலவாழ்த்து

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரித் தொடக்கத்தின் பன்னிரண்டாம் இரவு வரை நீண்ட விழாநாள்களில் பெரிதும் வழங்கிய சொல் வாசெயில். ஒருவரை வாழ்த்தும் மொழியையும், அவ்வாழ்த்தோடு நீட்டப்படும் சூடான மதுவையும், கிண்ணம் ஏந்தி வீடு வீடாகப் பாடிச் செல்லும் வழக்கத்தையும் அந்த ஒரே சொல் குறித்தது.

‘நலமாயிரு’ என்று பொருள்படும் ‘வெஸ் ஹெய்ல்’ என்னும் பழைய நார்ஸ் தொடரும், அதற்கு இணையான ‘வெஸ் ஹால்’ என்னும் பழைய ஆங்கிலத் தொடரும் இதன் மூலமாகும். உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவையே. 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய நூலில், சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்டின் மகள் பொற்கிண்ணத்தை நீட்டி ‘வாசெயில்’ என்று வாழ்த்த, பிரித்தானிய மன்னன் வார்ட்டிகர்ன் ‘நலம் பருகு’ என்று பொருள்படும் ‘டிரிங்க்ஹெயில்’ என மறுமொழி கூறுகிறான். இது வரலாறன்று, புனைவே. எனினும் வாழ்த்தும் மறுமொழியும் இணையாக வழங்கியதற்கு அது நல்ல சான்று.

கிண்ணத்தில் இருந்தது பெரும்பாலும் சர்க்கரையும் சாதிக்காயும் இஞ்சியும் சேர்த்துச் சூடாக்கிய பார்லி மது. அதில் சுட்ட காட்டு ஆப்பிள்களை இடுவார்கள். வெந்து வெடித்த சதை வெண்ணுரையாக மிதப்பதால் அதற்கு ‘ஆட்டுக்குட்டிக் கம்பளி’ என்ற பெயரும் உண்டு.

மனிதர்களை மட்டுமன்றி மரங்களையும் வாழ்த்தினார்கள் என்பதே இவ்வழக்கத்தில் என்னை மிகவும் கவர்வது. சாமர்செட், டெவன் முதலிய ஆப்பிள் விளையும் வட்டாரங்களில், வரும் பருவம் நன்றாகக் காய்க்க வேண்டுமென்று, மரத்தின் வேரில் சைடர் என்னும் ஆப்பிள் மதுவை ஊற்றி, அதில் தோய்த்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைத்து, தீய ஆவிகளை விரட்டத் துப்பாக்கியால் வானோக்கிச் சுட்டுப் பாடினார்கள். 1752இல் நாட்காட்டி மாற்றப்பட்ட பின்னும் பழைய கணக்கை விடாத ஊர்கள் இருந்தன; சாமர்செட்டின் கார்ஹாம்டனில் இது பழைய கணக்கின் பன்னிரண்டாம் இரவாகிய ஜனவரி 17 அன்று நடைபெறுகிறது.

தமிழில் இதனை ‘மது விருந்து’ என்பது போதாது. வாழ்த்தே இச்சொல்லின் உயிர். ‘நலவாழ்த்து’ என்பதை அடிச்சொல்லாகக் கொண்டால் பானத்தை நலவாழ்த்து நறவு என்றும், வீடு வீடாகச் செல்வதை நலவாழ்த்து உலா என்றும், தோப்புச் சடங்கை மரவாழ்த்து என்றும் வழங்கலாம். கிண்ணத்தை நீட்டுபவர் கூறுவதற்கு ‘நலம் வாழ்க’ என்னும் வியங்கோள் பொருந்தும். பெறுபவரின் மறுமொழிக்கு ‘நலமே பருகுக’ என்பது ஏற்றது.