டிஸ்பைட்: மழையை மதிக்காத சொல்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். ஐப்பசி மழையில் ஒருநாள் நீந்தாத குறையாகப் பள்ளிக்குப் போய்வந்தவன், அதையே ஆங்கிலக் கட்டுரையாக எழுதிக் கொண்டுவந்து காட்டினான். முதல் வரியே ‘டிஸ்பைட் ஆஃப் தி ரெயின்’. மழையையும் மீறி என்று சொல்ல வந்திருக்கிறான். ‘ஆஃப்’ மேல் கோடு போட்டேன். “இன் ஸ்பைட் ஆஃப்ல மட்டும் வருதே அங்கிள், இதுல ஏன் வரக்கூடாது?” என்றான்.

நியாயமான கேள்வி. பதில் அந்தச் சொல் பிறந்த இடத்தில் இருக்கிறது. லத்தீனில் டெஸ்பெக்டஸ் என்றால் மேலிருந்து கீழே பார்ப்பது, அதாவது ஏளனப் பார்வை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது அவமதிப்பு, இகழ்ச்சி என்ற பொருளில் பெயர்ச்சொல்லாகத்தான் இருந்தது. வெறுத்து ஒதுக்குவதைச் சொல்லும் ‘டிஸ்பைஸ்’ இதன் உடன்பிறப்பு. ‘ஸ்பைட்’ வேறு சொல்லல்ல, டிஸ்பைட்டின் தலையை வெட்டியதுதான். முதலில் ‘இன் டிஸ்பைட் ஆஃப்’ என்று மூன்று சொல்லாகவே வழங்கியது. நாளடைவில் முன்னும் பின்னும் உதிர்ந்து டிஸ்பைட் தனியே நின்றுவிட்டது. ஸ்பைட் மட்டும் இரண்டு பக்கத்துத் துணையையும் விடவில்லை. இன்று இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பையன் எழுதிய ‘ஆஃப்’ அந்தப் பழைய வீட்டின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் கிடைக்காது, அவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் ‘இருந்தபோதிலும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. மயிலாப்பூர் பங்குனித் தேரோட்டச் செய்தியைப் பாருங்கள்: ‘கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் பக்தர்கள் வடம் பிடித்தனர்.’ பொருட்படுத்தாமல் என்றால் ஒரு பொருளாகவே மதிக்காமல். லத்தீன்காரர் கீழே பார்த்த அதே பார்வை! இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. ஆனால் மதிக்காமல் இருக்க ஓர் ஆள் வேண்டும். ‘இரண்டு நாள் மழையையும் பொருட்படுத்தாமல் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பவில்லை’ என்று எழுதினால் ஏரிக்குத் திமிர் என்று ஆகிவிடும். ஆங்கில டிஸ்பைட் தன் பழைய இகழ்ச்சியை மறந்துவிட்டதால் ஏரிக்கும் ஒத்துப்போகிறது. நம் சொல் இன்னும் மறக்கவில்லை. அங்கே ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்பதுதான் தமிழ்.

இந்தப் ‘பெய்தும்’ சின்ன விஷயம் அல்ல. ‘மழை பெய்தாலும் வண்டி ஓடும்’ என்றால் மழை இனிமேல்தான் வரக்கூடும். ஆங்கிலத்தில் ‘ஈவன் இஃப்’. ‘மழை பெய்தாலும் வண்டி ஓடியது’ என்றால் மழை வந்தேவிட்டது, அங்கே ‘ஆல்தோ’. நாம் ஒரே ‘பெய்தாலும்’ வைத்து இரண்டையும் சமாளிக்கிறோம், முடிவில் வரும் வினைதான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. ‘பெய்தும்’ என்றாலோ சந்தேகமே இல்லை, மழை பெய்தது பெய்ததுதான். மொழிபெயர்ப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆங்கிலத்தில் டிஸ்பைட்டுக்குப் பின்னால் பெயர் வரவேண்டும், ஆல்தோவுக்குப் பின்னால் எழுவாயும் வினையும் உள்ள முழுத் தொடர் வரவேண்டும். நமக்கு இந்தப் பேதம் உறைப்பதில்லை. காரணம் ‘உம்’. மழையிலும், பெய்தும், பெய்தாலும் என்று பெயர், வினை பார்க்காமல் எல்லாவற்றின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். இந்த உம்முக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் எட்டுப் பொருள் சொல்கின்றன என்றால் அதன் உழைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘எனினும்’ குறளிலேயே இருக்கிறது: ‘தெய்வத்தான் ஆகாதெனினும்’. ஆங்கில ‘ஹவெவரு’க்கு நேராக நான் எழுதுவது அதைத்தான். ஆங்கிலத்தில் ஹவெவர் நிற்க முன்னால் ஒரு முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். வெறும் காற்புள்ளியோடு இரண்டு வாக்கியங்களை ஒட்டுவது ‘பட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேலை.

அந்த ‘பட்’ என்ற சொல்லின் பழைய பொருள் ‘வெளியே’, ‘தவிர’. ‘ஆல் பட் ஒன்’ என்பதில் இன்றும் அப்படித்தான். நம் ‘ஆனால்’ வேறு வழியாக வந்தது. ஆகு என்ற வினையின் நிபந்தனை வடிவம் அது. ‘சாயங்காலம் ஆனால் கொசு’ என்று சென்னையில் சொல்லாத வீடு உண்டா? அங்கே எதிர்ப்பு எதுவும் இல்லை, வெறும் நிபந்தனைதான். ஆங்கிலப் பேச்சில் வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘தோ’வுக்கும் நம்மிடம் ஆள் இருக்கிறது: “படம் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் நீளம், ஆனா.”

அப்புறம், வழக்கறிஞர்களின் செல்லச் சொல் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் எதிராக. எனவே ‘எதிரே நின்று தடுக்காமல்’ என்பது இதன் பொருள். சட்டத் தமிழில் ‘எது எவ்வாறிருப்பினும்’. தமிழ்நாட்டுக்கு இதோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 343(1) இந்தியை ஆட்சிமொழி என்கிறது. அடுத்த உட்பிரிவே ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, 15 ஆண்டுகள் ஆங்கிலம் தொடரும் என்கிறது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடிய இருந்தது. 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்திலும் 15 ஆண்டு முடிந்தாலும் ஆங்கிலம் தொடரலாம் என்பதற்கு அதே ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. ஆனால் மாநிலங்களவையில் அண்ணா பிடித்துக்கொண்டது அந்த நீளமான சொல்லை அல்ல. பின்னால் வந்த குட்டிச் சொல் ‘மே’யை. தொடரலாம் என்பது போதாது, ‘ஷால்’ போட்டுத் தொடரவேண்டும் என்று எழுதுங்கள் என்றார்.