அட்டையில் 'இரண்டு ரெக்கார்டர்களுக்கு' என்று போட்டிருந்தால்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால இரு குரல் இசை, அதாவது இரண்டு தனி மெட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் இசை, பாடுவதற்கா, வாசிப்பதற்கா? ரெக்கார்டர் என்னும் மேற்கத்தியக் குழல் கற்றுத் தருபவன் என்பதால் அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி இது. கேட்பவர் கையில் 'இரண்டு ரெக்கார்டர்களுக்கு' என்று அட்டையில் அச்சிட்ட, 16ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லாசோவின் புத்தகம் இருக்கும். அந்த வரி நம் காலத்துப் பதிப்பாளர் சேர்த்தது. விற்பனைக்கு உதவும், அவ்வளவுதான்.

1577இல் மியூனிக்கில் அச்சான அதன் மூலத்தில் 24 உருப்படிகள். 12க்கு லத்தீன் வரிகள் உண்டு, மற்ற 12க்கு ஒரு சொல்கூடக் கிடையாது. உடனே 'அது பாட, இது வாசிக்க' என்று பிரித்துவிடத் தோன்றும். ஆனால் வரியில்லாத மெட்டையும் அன்றைக்கு உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பாடிப் பழகினார்கள், நாம் ஸரிகம பாடுகிற மாதிரி. இரு குரல் இசைக்குப் பெரிய சந்தையாக இருந்ததே பயிற்சிதான். ஜெர்மன் பதிப்பாளர் கெயோர்க் ராவ் 1545இல் விட்டன்பெர்க்கில் வெளியிட்ட தொகுப்பும் இளம் மாணவர்களை மனதில் வைத்ததே. மறுபக்கம், வரியுள்ள பாட்டைக் குழலிலோ வயோல் என்ற வில் கருவியிலோ வாசிப்பதும் சர்வ சாதாரணம். 'வயோலுக்கும் குரலுக்கும் ஏற்றது' என்று இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் அட்டையிலேயே விளம்பரம் செய்தார்கள்.

சரி, எல்லாமே எதற்கும் பொருந்துமா? இல்லை. ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் மோர்லியின் 1595ஆம் ஆண்டுப் புத்தகம் 'இரண்டு குரல்களுக்கு' என்றுதான் சொல்கிறது. உள்ளே 12 பாடல்களோடு, இத்தாலியத் தலைப்பு மட்டும் கொண்ட, வரியில்லாத 9 ஃபேன்டசிகள் (கட்டற்ற வடிவிலான உருப்படிகள்). என் காதுக்கு அவை கருவிக்கே எழுதியவை. அட்டையைப் பார்த்து முடிவெடுத்தால் இங்கேயும் ஏமாறுவோம்.

உண்மையில் நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது வேறொன்றை. ஒருவரிடம் சிறிய சொப்ரானோ ரெக்கார்டர், இன்னொருவரிடம் அதைவிடப் பெரிய ஆல்ட்டோ. கீழ்ப்பகுதி ஆல்ட்டோவுக்கு எட்டவில்லை என்று அதைச் சொப்ரானோவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சொப்ரானோ, எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஒலிக்கும். ஆல்ட்டோ எழுதியபடியே ஒலிக்கும். கீழே இருந்த குரல் மேலே ஏறிவிடுகிறது. அடியில் ஸ, மேலே ப என்று இனிமையாக நின்ற இடத்தில், இப்போது அடியில் ப, மேலே தாரஸ்தாயி ஸ. அதாவது ஐந்தாம் இடைவெளி நான்காகிவிட்டது. இரண்டே குரல்கள் இருக்கும்போது நான்காம் இடைவெளியை அக்கால இசையமைப்பாளர்கள் சேராத ஒலியாகவே நடத்தினார்கள். 'லாசோ ஏன் இப்படிக் கரகரவென்று எழுதியிருக்கிறார்?' என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வரும். ஏற்றுவதானால் இரண்டு பகுதியையும் சேர்த்தே ஏற்றுங்கள். ரெக்கார்டர் குழுக்கள் அன்றும் மொத்தமாக ஓர் ஆக்டேவ் மேலே ஒலித்தவைதான்.

இன்னொன்று: வரியுள்ள உருப்படியானால் வாசிக்கும் முன் பாடிப் பார்த்தே ஆக வேண்டும். எங்கே மூச்சு விடுவது, எந்த ஸ்வரத்தை நாக்கால் தொடங்குவது என்பதை அசைகளே சொல்லிவிடும். குழல் வாசிப்பவர் மனிதக் குரலைத்தான் பின்பற்ற வேண்டும் என்று வெனிஸைச் சேர்ந்த குழல் கலைஞர் கனாஸி 1535இலேயே எழுதிவிட்டார்.

மூல அச்சில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். தாளக்கட்டைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் கிடையாது. அவையும் பதிப்பாளர் போட்டவை என்பதால் ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் அழுத்தம் கொடுக்காதீர்கள். நல்ல பதிப்பில் முதல் வரிக்கு முன்னால் மூலக் கிளெஃபையும் (ஸ்வர உயரத்தைக் காட்டும் குறி) தொடக்க ஸ்வரத்தையும் சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத பதிப்பை நான் மாணவர்களை வாங்கச் சொல்வதில்லை.