புறொம்ற்: ஏவுவதா, எடுத்துக் கொடுப்பதா?

சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் ஊழியர் கையேடு தமிழாக்கத்துக்காக என் மேசைக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கந்தோர் வேலையில் எப்படிக் கையாள்வது என்பதுதான் பொருள்: கடிதம் வரைவது, கூட்டக் குறிப்பைச் சுருக்குவது, எக்செலில் சூத்திரம் கேட்பது. முதல் வரைவை இயந்திரத்தைக் கொண்டே தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இப்படியொரு வரி: "தெளிவான உடனடி ஒன்றை எழுதுங்கள்."

உடனடியா? நூடில்ஸா? மூலத்தில் இருந்தது 'புறொம்ற்', செயலியிடம் வேலை வாங்க நாம் எழுதிக் கொடுக்கும் வரி. அதே சொல் ஆங்கிலத்தில் பெயரடையாக வந்தால் 'தாமதமில்லாத' என்று பொருள். இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது. நாள்தோறும் தனக்கு ஊட்டப்படும் சோற்றின் பெயரே அதற்குத் தெரியவில்லை.

கொழும்பில் இந்தச் சொல் வாய்க்கு வாய் புழங்குகிறது. "அக்கா, நல்ல புறொம்ற் ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்கிறான். எழுத்தில்தான் தகராறு. ப்ராம்ப்ட், ப்ரொம்ட், புறொம்ற் என்று ஆளுக்கொரு விதம். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது தமிழின் பழைய கட்டுப்பாடு, ஆகவே நான் 'பு' போட்டுத் தொடங்குகிறேன். கடன் சொல் என்பதற்காக எனக்குக் கோபமில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன 'கந்தோர்' இன்று நம் வீட்டுச் சொல். ஆனால் கையேட்டை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் செயலிகளைத் தொட்டே பார்க்காதவர்கள். அவர்களுக்குச் சொல்லே பொருளைச் சொல்லவேண்டும்.

மூலம் இலத்தீன். 'புறோ' என்றால் முன்னே. 'எமெரே' என்றால் எடுத்தல் (வாங்குதல் என்ற பொருள் பிற்பாடு வந்தது). இரண்டும் சேர்ந்து 'புறோமெரே', உள்ளே இருப்பதை வெளியே எடுத்தல். எடுத்து முன்னே வைத்த பொருள் கைக்குத் தயாராக இருக்குமல்லவா, அதிலிருந்துதான் 'உடனடி' கிளைத்தது. பிறகு நாடக மேடை. வசனம் மறந்து விழிக்கும் நடிகருக்குத் திரைமறைவிலிருந்து அடுத்த வரியை முணுமுணுப்பவருக்கு இந்தச் சொல்லால் பெயர் வந்தது. மட்டக்களப்புக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரியை எடுத்துக் கொடுக்க ஒருவர் நிற்பார்.

கணினிக்குள் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் என்ற கணினி இயங்குதளத்தில் கறுப்புத் திரையில் ஒரு குறி வந்து நிற்கும், பக்கத்தில் ஒரு கோடு மின்னும். அதுவும் புறொம்ற்தான். "நான் தயார், நீ சொல்லு" என்று இயந்திரம் மனிதருக்கு எடுத்துக் கொடுத்தது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்து எல்லோர் கைக்கும் பழகியபின், அந்தப் பெயர் மனிதர் இயந்திரத்துக்கு எழுதும் வரிகளுக்கு நிலைத்துவிட்டது. சொல் அதே சொல், ஆள் மட்டும் இடம் மாறிவிட்டார்.

இனித் தமிழ். இணையத்தில் அதிகம் காண்பது 'தூண்டல்'. எனக்கு இது ஒட்டவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பௌதிகவியலில் மின்காந்தத் தூண்டல், உயிரியலில் தூண்டலும் துலங்கலும். ஒரே சொல்லின் தலையில் மூன்றாவது சுமை எதற்கு? 'ஏவல்' கம்பீரமானது. நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில் கடைசி ஏவல் வினா. "அந்தக் கடிதம் அனுப்பியாச்சோ?" என்று மேலதிகாரி கேட்டால், அனுப்பு என்பதுதான் பொருள். கேள்வியும் கட்டளையும் கலந்த இந்தக் குணம் புறொம்ற்றுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் பேச்சுவழக்கில் ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது. கந்தோரில் ஒருத்தி இன்னொருத்திக்கு ஏவல் அனுப்பினாள் என்று எழுதினால் விபரீதமாகிவிடும். 'பணிப்புரை' நம் பத்திரிகைகளின் செல்லச் சொல். அமைச்சர் அதிகாரிகளுக்கு விடுப்பது.

இந்த மூன்றுக்கும் பொதுவான கோளாறு ஒன்றுண்டு. ஒருவர் சொல்ல, மற்றவர் விளங்கிக்கொண்டு செய்வதான படத்தை அவை தருகின்றன. இந்தச் செயலிகளுக்குள் இருந்து எழுதுவது 'மொழி மாதிரி' எனப்படும் நிரல், அது வேலை செய்யும் விதம் வேறு. முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணித்து, ஒவ்வொன்றாகத் தொடர்ந்து எழுதிக்கொண்டு போகிறது. பதில் என்று நாம் வாசிப்பது நம் வரியின் தொடர்ச்சியைத்தான். முதலடி மங்கலாக இருந்தால் பாட்டும் மங்கல்.

இதற்குத் தமிழில் பழைய பேச்சு இருக்கிறது: அடியெடுத்துக் கொடுத்தல். 'உலகெலாம்' என்று சேக்கிழாருக்கு இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகப் பெரியபுராணத்துக்குக் கதை. கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு முருகன் 'திகட சக்கர' என்று கொடுத்தான். புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அடுத்த கதையையும் சொல்வார்கள். அரங்கேற்றத்தில் ஒருவர் எழுந்து, திகழ் தசம் எப்படித் திகடசம் ஆகும், விதி எங்கே என்று மறித்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டப்பட்ட பிறகே சபை அடங்கியது. அடி தந்தவன் முருகன், பதில் சொல்லவேண்டியவர் கச்சியப்பர். இயந்திரம் எழுதித் தந்த சுற்றறிக்கையில் தன் கையொப்பத்தை வைக்கிறவருக்கும் இதே நிலைதான் என்று கையேட்டின் ஓரத்தில் குறித்தேன்.

ஆகவே என் தெரிவு 'அடியெடுப்பு'. இலத்தீன் மூலத்திலும் 'எடுத்தல்' இருப்பது தற்செயல்தான், இருந்தாலும் பிடித்திருக்கிறது. வினையாக்கலாம்: இயந்திரத்துக்கு அடியெடுத்துக் கொடு. தொகைச் சொல்லும் வரும்: அடியெடுப்புத் தொகுப்பு, அடியெடுப்புப் பயிற்சி. இதைப் 'பொறியியல்' என்று அழைக்கும் ஆங்கில வழக்கை நான் தொடவில்லை. நல்ல கடிதம் எழுதத் தெரிந்தவருக்குப் பொறியியலாளர் பட்டம் எதற்கு?

குறை இல்லாமலில்லை. அடியெடுத்து வைத்தல் என்றால் நடத்தல், அந்தக் குழப்பம் வரலாம். டொஸ் காலத்து மின்னும் கோட்டுக்கு இது பொருந்தாது, அதற்குத் 'தூண்டி' இருக்கட்டும்.

பக்கத்து மேசைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப இனி, 'அக்கா, ஒரு அடி எடுத்துத் தாங்கோ' எண்டு கேக்கவோ?" என்றான். கேள் என்றேன். மாலையே கேட்டான், விலைமனுக் கடிதம் ஒன்றுக்கு.