டோட்டலிடேரியனிசம்: சர்வாதிகாரமா, முற்றாதிக்கமா?

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில் சர்வாதிகாரி யாரும் இல்லை. புத்தகங்களைத் தேடிப்பிடித்துக் கொளுத்தும் ‘தீயணைப்பு’ப் படை இருக்கிறது. தப்பி ஓடுகிறவனை மோப்பம் பிடித்து விரட்டும் இயந்திர வேட்டைநாய் இருக்கிறது. மேடையேறிக் கர்ஜிக்கும் தலைவனைத்தான் காணோம். தேர்தல்கூட நடக்கிறது. நாயகனின் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பெண்கள் தாங்கள் வாக்களித்த கதையைப் பேசுகிறார்கள். வென்றவர் பார்க்க லட்சணமாக இருந்தாராம். தோற்றவர் குள்ளமாம், ஒழுங்காகச் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லையாம்.

இந்த உலகத்தைச் ‘சர்வாதிகாரச் சமுதாயம்’ என்று எழுதினால் படிப்பவர் சர்வாதிகாரியைத் தேடுவார். தேடி ஏமாந்தபின், ‘வாக்குரிமை இருக்கிறதே, அப்படியானால் இது ஜனநாயகம்தானே?’ என்று கேட்பார். இந்தக் குழப்பத்தில் பாதி, வாழ்வு முழுவதையும் பிடிக்குள் கொண்டுவரும் ‘டோட்டலிடேரியனிச’த்துக்கு (totalitarianism) நாம் கையாளும் தமிழ்ச் சொல்லிலிருந்தே வருகிறது.

ஆங்கிலம் ‘டோட்டலிடேரியனிசம்’ என்ற சொல்லை இத்தாலியிடமிருந்து பெற்றது. ‘தொத்தாலே’ என்றால் முழுமை. அதிலிருந்து வந்தது ‘தொத்தாலித்தாரியோ’. 1923 மே மாதம் ஜொவான்னி அமெந்தோலா என்ற அரசியல்வாதி ‘இல் மோந்தோ’ நாளிதழில் இதைப் பயன்படுத்தினார். எதற்காக என்பதுதான் முக்கியம். உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பான்மைக்குரிய வேட்பாளர் பட்டியலோடு சிறுபான்மைக்குரிய பட்டியலையும் பாசிஸ்டுகளே நிறுத்தினார்கள். எதிர்க்கட்சியின் நாற்காலியும் அவர்களுக்கே. ஆக, வாக்குப்பெட்டியை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வளைத்துப்போடும் முறைக்குத்தான் அவர் இந்தப் பெயரைச் சூட்டினார். சொல் பிறந்த இடமே தேர்தல் களம்!

கண்டனமாகப் பிறந்ததை 1925-இல் முசோலினி பெருமையாக எடுத்து அணிந்துகொண்டார். ‘எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை’ என்பது அந்த ஆண்டு அக்டோபரில் அவர் முழங்கியது. அதே ஆண்டு பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைப் படையினரிடம் கடுமையாக அடிபட்ட அமெந்தோலா 1926-இல் பிரான்சில் இறந்தார்.

தமிழில் என்ன சொல்வது? ‘சர்வம்’ என்றால் எல்லாம் என்பதால், ‘சர்வாதிகாரம்’ பிரித்துப் பார்த்தால் பொருந்தவே செய்கிறது. ஆனால் வழக்கில் அது ஒற்றை ஆளின் ஆட்சிக்கு உரியதாகிவிட்டது. இனி அதை அங்கிருந்து பெயர்க்க முடியாது. ‘எதேச்சாதிகாரம்’ மனம்போன போக்கில் ஆள்வது. ‘கொடுங்கோன்மை’ திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பு; அழகான சொல்தான், ஆனால் கோல் இருக்க வேண்டுமென்றால் அதைப் பிடிக்க மன்னன் வேண்டும்.

நான் ‘முற்றாதிக்கம்’ என்றே எழுதுகிறேன். பொருளியலில் ‘முற்றுரிமை’ என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே ‘முற்று’. ‘முற்றாட்சி’ என்று சுருக்கலாமே என்பார்கள். கூடாது என்பேன். ஆட்சி என்றதும் அரசாங்கம் முன்னே வந்து நிற்கும். ஆதிக்கம் அப்படியல்ல, ஆணாதிக்கம், சாதி ஆதிக்கம் என்கிறோமே, அவற்றைச் செலுத்துவது சமூகம். பிராட்பரியின் நாவலிலும் தீயணைப்புத் தலைவர் பீட்டி இதைத்தான் விளக்குகிறார்: அரசு தடை போட்டு இது தொடங்கவில்லை, மக்களே படிப்பதைக் கைவிட்டார்கள், எரிப்பது பிறகு வந்தது.

சொல் தெளிந்தால் கேள்வியும் தெளிகிறது. மக்களாட்சி என்பது ஆளுகிறவரை யார் அமர்த்துகிறார்கள் என்பதைப் பற்றியது. முற்றாதிக்கம் என்பது அந்தப் பிடி எதுவரை நீள்கிறது என்பதைப் பற்றியது: படுக்கையறை வரையா, படிக்கும் புத்தகம் வரையா, நினைப்பு வரையா? இரண்டும் வேறுவேறு அளவுகோல்கள் என்பதால் ஒரே சமுதாயத்தில் இரண்டும் சேர்ந்திருக்க முடியும். வரலாற்றாசிரியர் யாகோவ் டால்மன் 1952-இல் இதற்கென்றே ஒரு தொடரைத் தம் நூலின் தலைப்பில் வைத்தார். ‘முற்றாதிக்க மக்களாட்சி’ என்று அதைத் தமிழாக்கலாம். பேச்சுரிமையும் மாற்றுக்கருத்தும் போனபின் எஞ்சுவதை மக்களாட்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிராட்பரியின் பெண்களை யாரும் மிரட்டி வாக்குச்சாவடிக்கு இழுத்துப்போகவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

ரஷ்ய எழுத்தாளர் சம்யாதினின் ‘நாங்கள்’ நாவலில் நிலைமை வேறு. அங்கே ஆண்டுதோறும் ‘ஒருமன நாள்’ வரும். எல்லாரும் பகிரங்கமாகக் கை உயர்த்தி அதே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முன்னோர்கள் திருடர்களைப்போல ஒளிந்து வாக்களித்தார்களாமே என்று கதைசொல்லி வியக்கிறான். அந்த நாட்டுக்கு இரண்டு சொற்களுமே தேவை. மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்படும் அந்தத் தலைவர் சர்வாதிகாரி. குடிமக்கள் வசிக்கும் வீடுகளின் கண்ணாடிச் சுவர் முற்றாதிக்கம்.