மென்பொருள்வழி வானலைக் கருவி: ஒரு சொல் விளக்கம்

தஞ்சாவூர்ப் பக்கம் 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். திருச்சி வானொலி சொல்லக் கேட்டு விதைத்த ரகம் அது. பேசுகிற அந்தப் பெட்டிக்கு 'வானொலி' கச்சிதமான சொல். ஆனால் எந்த அலையை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதை நிரலே பார்த்துக்கொள்ளும் கருவியான 'சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ'வை 'மென்பொருள் வரையறுத்த வானொலி' என்று எழுதும்போது எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் 'ரேடியோ'. அந்தச் சொல்லில் ஒலி என்ற பொருளே கிடையாது. லத்தீனில் 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கதிருக்கும் அதே சொல். மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்திலிருந்து வட்டை வரை ஆரக்கால்கள் விரிகிற மாதிரி, ஆன்டெனாவிலிருந்து அலை விரிகிறது.

மயிலாடுதுறையில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இந்தக் கருவி வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்த்தேன். அக்கா மகன் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி கருவியை லேப்டாப்பில் செருகி, முதலில் காரைக்கால் பண்பலையைப் பாட விட்டான். அப்புறம் 145.825 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினான். சர்வதேச விண்வெளி நிலையம் மேலே கடந்தபோது, திரையில் சின்னச் சின்னக் கீற்றுகள் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்ந்தன. திரையின் இன்னொரு சன்னலில் அந்த அலையில் வந்த எழுத்துகள் வரி வரியாக விழுந்தன. "பெட்டி அதேதான் மாமா, ப்ரோக்ராமைத்தான் மாத்தினேன்" என்றான்.

விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. பழைய கருவியில் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சுருள், தனிச் சுற்று. இதில் வந்த அலையைக் கூடியவரை சீக்கிரமே எண்களாக்கிவிட்டால், மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும். 1992இல் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா எழுதிய கட்டுரையால் 'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற பெயர் பரவியது.

விண்வெளியில் இது பெரிய வரம். ஏவிய கலத்துக்குச் சால்டரிங் அயர்னோடு யாரும் போக முடியாது. 2005இல் செவ்வாய்க்குக் கிளம்பிய நாசா சுற்றுக்கலனின் எலெக்ட்ரா என்ற தொடர்புக் கருவியே, ஏவிய பிறகும் மென்பொருளை மாற்றலாம் என்ற வடிவமைப்புதான். 2012இல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய இதே வகை மூன்று கருவிகளில், தரையிலிருந்தே புது நிரல்களை ஏற்றி 2019 வரை சோதித்தார்கள். இனி நிலவைச் சுற்றிப் பல நாட்டுக் கலங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருக்கும். ஏவும்போது இல்லாத அலைமொழியைப் பிறகு கற்றுக்கொள்ளும் கருவிதான் அங்கே உதவும்.

அடுத்தது 'வரையறுத்த'. எல்லை கட்டி முடித்துவிட்ட சொல் அது. இந்தக் கருவியின் பெருமையோ, எல்லையைத் திரும்பத் திரும்ப மாற்றலாம் என்பது. சரி, 'மென்பொருள் கட்டுப்படுத்தும்' என்றால்? குமிழைக் கைக்குப் பதில் மென்பொருள் திருகும் பழைய கருவிக்கும் அது பொருந்திவிடும். அதனால் 'வழி' போதும், 'வானொலி'க்குப் பதில் 'வானலை': மென்பொருள்வழி வானலைக் கருவி. சூழலைத் தானே அறிந்து அலைவரிசையைத் தேர்ந்துகொள்ளும் அடுத்த தலைமுறைக்கு 'அறிதிறன் வானலைக் கருவி' என்று இதே அச்சில் வார்க்கலாம்.